வேருள் உறையும் பகை

பல்லேபொலப் பகுதியிற் பல்வலி வந்தாற் கராம்பைக் கடித்துக்கொள்வர்; அடங்காதவிடத்துப் பல்லையே பிடுங்குவிப்பர். மாத்தளை மண்ணில் விளையும் கராம்பின் எண்ணெய் நோவைத் தணிக்கும் என்பது மெய்யே. ஆயினும், பற்கூழ் அழுகி வேர்க்குழாயில் நுண்ணுயிர் குடிபுகுந்தபின் அஃது அங்குச் சென்றெட்டாது. (வடமொழி மருத்துவ நூலார் சொத்தைப்பல்லைக் கிருமிதந்தம் என்றனர்.)

பல்லைக் காக்க வேண்டின் அக்குழாயைத் தூய்மைசெய்து அடைத்தல் வேண்டும். பேராதனைப் பல்வைத்தியப் போதனா வைத்தியசாலையில் இச்சிகிச்சை உண்டு. வேர்க்குழாய் நேரான துளையன்று. வளைந்தும் கிளைத்தும் செல்வது. அதன் சுவரிலோ எண்ணிறந்த நுண்குழல்கள். அரம் சுரண்டுவது ஒரு பகுதியையே. எஞ்சியதைக் கழுவுநீரே தீர்த்தல் வேண்டும். அந்நீர் சோடியம் ஐப்போகுளோரைட்டு. சலவைக்கு உதவும் வெளுப்புநீரின் இனத்தது. முதலாம் உலகப்போரில் டாக்கின் என்பார் இதனை 0.5 விழுக்காட்டளவிற் கொண்டு போர்ப்புண்களைக் கழுவுவித்தார். பல்வைத்தியர் 5.25 விழுக்காடு வரை ஆள்வர். கிருமியைக் கொல்வதோடு இறந்த தசையையும் இது கரைக்கும். எலும்புப்புறம் கசிந்தாலோ பெருந்துன்பம் தரும்.

அரம் தேய்த்த துகள் சுவரிற் பூச்சாகப் படிந்து நுண்குழல்களின் வாயை அடைக்கும். 1957இல் நோர்வே நாட்டு நைகார்ட் ஓஸ்ட்பி புகுத்திய ஈ.டி.டி.ஏ. கரைசல் அதனை அகற்றும். இந்நாளில் மீயொலி அதிர்வால் நீரைக் கலக்கி மூலைகளிற் செலுத்துகின்றனர். 1864இற் பார்னம் கண்ட இறப்பர்த் திரையைப் பல்லைச் சுற்றிக் கட்டாவிடின், எச்சிலோடு கிருமி மீளப் புகும்; செய்ததெல்லாம் வீண்.

பன்முறை கண்டிக்குச் செல்லும் பேருந்துச் செலவையும் நாட்கூலி இழப்பையும் அஞ்சியே உழைப்பாளர் பிடுங்குதலை விரும்புகின்றனர். அதனை அறியாமை என்பது தகாது. கழுவுதல் செவ்வையாக நடப்பின், சிலர்க்கு ஒரே வருகையிற் சிகிச்சையை முடித்தலும் கூடும்.