பைன் பெட்டிக்குள் 250 வோல்ட்

1962-ல் லண்டனின் மேற்கே ஹான்வெல்லில் ஜிம் மார்ஷல் ஒரு டிரம்ஸ் கடை வைத்திருந்தார். டிரம்ஸ் வாசிப்பவர், வாசிக்கக் கற்றுக்கொடுப்பவர். ஆனால் கடைக்கு வந்துபோன கிதார் கலைஞர்கள் கேட்டது வேறு. இன்னும் சத்தமான, இன்னும் முரட்டுக் குரல் கொண்ட ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்றார்கள். அமெரிக்காவின் ஃபென்டர் பாஸ்மேன் அவர்கள் மனத்தில் இருந்தது. கடையில் பழுதுபார்த்துவந்த கென் பிரானும், இஎம்ஐ நிறுவனத்தில் பயிற்சி பெற்றுவந்த டட்லி கிரேவன் என்ற இளைஞரும் பாஸ்மேனின் மின்சுற்றை அடிப்படையாக வைத்து, பிரிட்டனில் கிடைத்த பாகங்களைக் கொண்டு புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். அதுதான் ஜேடிஎம்45.

பாஸ்மேன் ஒரே பெட்டி. மின்சுற்றும் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களும் அதற்குள்ளேயே அடக்கம். மார்ஷல் கடையில் இரண்டையும் பிரித்தார்கள். நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் பின்பக்கம் மூடிய ஒரு பெரிய பெட்டிக்குள் போயின. மின்சுற்று தனியாக ஒரு சின்னப் பெட்டிக்குள் குடியேறியது. அந்தச் சின்னப் பெட்டியைத்தான் ‘ஹெட்’ என்கிறார்கள்.

ஹெட் பற்றிய பேச்செல்லாம் வால்வையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சுற்றியே நடக்கிறது. மரப்பெட்டியை வெறும் உறையாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். இது பெரிய தவறு. வெப்பம், அதிர்வு, ரீங்காரம், உயிராபத்து ஆகிய நான்கையும் சமாளிப்பதில் அந்தப் பெட்டிக்குப் பங்கு உண்டு. கைரம்பமும் உளியும் மூலைமட்டமும் வைத்திருக்கும் எவராலும் அதை வீட்டிலேயே சரியாகச் செய்ய முடியும்.

முதல்முறை கட்டுகிறவர் ஜேடிஎம்45-லிருந்து தொடங்க வேண்டாம். ஒரு ஈசிசி83, ஒரு ஈஎல்84 என இரண்டே வால்வுகள் போதும். வீட்டில் வாசிக்க இதுவே தாராளம்.

வால்வுக்குள் நடப்பது எளிமையானது, அழகானதும்கூட. ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் 1904-ல் காப்புரிமை கோரிய முதல் வால்வில் இரண்டே உறுப்புகள் இருந்தன. சூடேறிய கேதோடு எலெக்ட்ரான்களை உமிழும். நேர்மின் அழுத்தம் கொண்ட ஆனோடு அவற்றை இழுத்துக்கொள்ளும். 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவதாக ஒரு மின்வாயைச் சேர்த்தார். அதுதான் கிரிட். வாய்க்காலின் மதகைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினாலே மொத்தத் தண்ணீரும் கூடிக் குறைவதைப் போல, கிரிட்டில் ஏற்படும் சிறு மின்னழுத்த மாற்றம் ஆனோடுக்குப் பாயும் மின்னோட்டம் முழுவதையும் ஆட்டிப்படைக்கிறது. கேதோடு சூடேறும் வரை எதுவும் நடக்காது. பழைய வால்வு ரேடியோக்கள் சுவிட்சைப் போட்டதும் பாடாமல் நேரம் எடுத்துக்கொண்டது இதனால்தான். கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளி போலப் பளபளக்கும் படலம் பேரியம். மிச்சமிருக்கும் வாயுவை அது உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் படலம் வெளுத்துப்போயிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அந்த வால்வை வாங்காதீர்கள்.

ஈஎல்84-ன் தயாரிப்புக் குறிப்பேட்டில் உள்ள எண்கள் நிறையச் சொல்கின்றன. ஆனோடில் 250 வோல்ட், 48 மில்லிஆம்பியர். பெருக்கினால் 12 வாட். அதிலிருந்து ஒலியாக எடுக்க முடிவது அதிகபட்சம் 5.7 வாட், அதுவும் 10 சதவீதச் சிதைவோடு. பாட்டு கேட்கும் கருவியில் 10 சதவீதச் சிதைவை யாரும் ஏற்க மாட்டார்கள். கிதார் கலைஞர் தேடுவதோ அதைத்தான். ஒற்றை வால்வு அலையின் ஒரு பக்கத்தை மறுபக்கத்தைவிட முன்னதாகவே மழுக்குகிறது. அதனால் இரண்டாவது ஹார்மோனிக் ஓங்குகிறது. நம் கணக்கில் சொன்னால், ஸட்ஜத்தை வாசித்தால் மேல்ஸ்தாயி ஸட்ஜமும் கூடவே மெல்ல ஒலிக்கிறது. மூன்றாவது ஹார்மோனிக் மேல்ஸ்தாயிப் பஞ்சமம். இவை சுருதியோடு சேர்ந்து நிற்பவை என்பதால் சிதைவு காதை உறுத்துவதில்லை, குரலைத் தடிப்பாக்குகிறது. இரண்டு வால்வுகளை எதிரெதிராக இயக்கும் ஜேடிஎம்45 போன்ற சுற்றுகளில், வெளியீட்டுப் பகுதியில் உருவாகும் இரண்டாவது ஹார்மோனிக் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துப்போய்விடும். சிறிய ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயருக்கென்று தனிக்குரல் இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

அந்த வால்வுக்கு ஏற்ற சுமை 5,200 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். நடுவே பாலமாக இருப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். மின்தடை 650 மடங்கு குறைய வேண்டுமானால் சுற்றுகளின் விகிதம் அதன் வர்க்கமூலமான சுமார் 25.5 ஆக இருக்க வேண்டும். காசை மிச்சம்பிடிக்கக் கூடாத பாகம் இது ஒன்றுதான்.

இனி பெட்டி. முதலில் வெப்பம். ஈஎல்84-ன் ஆனோடில் 12 வாட், அதில் கூடுதலாக உள்ள இரண்டாவது கிரிட்டான ஸ்கிரீன் கிரிட்டில் ஒன்றரை வாட், அதன் கேதோடைச் சூடேற்றும் இழையில் 4.8 வாட், ஈசிசி83 இழையில் 1.9 வாட். மொத்தம் ஏறக்குறைய 20 வாட். டிரான்ஸ்ஃபார்மரின் சூடு தனி. மின்சுற்றைத் தாங்கும் உலோகத் தட்டான சேஸிஸை மேலே பொருத்தி வால்வுகளைத் தலைகீழாகத் தொங்கவிடும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலெழும் சூடு நேராக கெபாசிட்டர்களுக்குப் போய் அவற்றின் ஆயுளைக் குறைக்கும். சேஸிஸ் கீழே, வால்வுகள் நிமிர்ந்து மேலே என்ற அமைப்புதான் இயற்பியலுக்குப் பொருந்துவது. பின்பலகையின் அடிப்பகுதியில் ஒரு நீள்திறப்பு, கூரைப்பலகையில் ஒரு திறப்பு இருந்தால் சூடான காற்று தானே மேலேறி வெளியேறும், குளிர்ந்த காற்று கீழிருந்து உள்ளே வரும். விசிறி வேண்டாம். வால்வின் உச்சிக்கும் மரத்துக்கும் இடையே 5 சென்டிமீட்டராவது விடுங்கள்.

அதிர்வுக்கும் பெட்டிக்கும் தொடர்புண்டு. வால்வுக்குள் கிரிட் கம்பிகள் நூலிழை இடைவெளியில் நிற்கின்றன. அவை அதிர்ந்தால் அந்த இடைவெளி மாறும். அந்த மாற்றமே ஒலியாகப் பெருகி வெளியே வரும். ஸ்பீக்கரும் வால்வும் ஒரே பெட்டியில் இருந்தால் ஒன்றை மற்றொன்று தூண்டி ஊளையிட வைக்கும். ஹெட்டைத் தனியாக்கி அடியில் நல்ல ரப்பர் கால்களை வைப்பதன் முதல் பலன் இந்த ஊளை அடங்குவது.

எந்த மரம் வைத்தால் ‘டோன்’ நன்றாக இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நேரடியாகவே சொல்லிவிடலாம்: ஹெட்டின் மரம் ஒலியை மாற்றாது. காற்றை அசைக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கு அந்தக் கேள்வி பொருந்தும், இதற்குப் பொருந்தாது. தேக்கும் ரோஸ்வுட்டும் கண்ணுக்குத்தான். லியோ ஃபென்டர் 1950-களில் பைன் பலகையைத்தான் பயன்படுத்தினார். எடை குறைவு, உளிக்கு எளிதாக வழிவிடும், விலையும் கட்டுப்படி ஆகும்.

பைன் பெட்டியின் மூலைகளை அவர் விரல் கோத்தாற்போன்ற மூட்டுகளால் இணைத்தார். அந்த மூட்டின் வலிமைக்குப் பசை பிடிக்கும் பரப்பு கூடுவதே காரணம் என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18 மில்லிமீட்டர் கனமும் 234 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பலகையில் 18 மில்லிமீட்டர் அகலமாக 13 விரல்கள் வரும். ஒரு பலகையில் ஏழு, எதிர்ப்பலகையில் ஆறு. விரல்களுக்கிடையே 12 உரசுமுகங்கள். மொத்தம் சுமார் 39 சதுர சென்டிமீட்டர். இரண்டு பலகைகளை வெறுமனே முட்டவைத்து ஒட்டினாலும் 42 சதுர சென்டிமீட்டர் கிடைக்கிறது. ஆகவே ரகசியம் பரப்பில் இல்லை. முட்டு மூட்டில் ஒட்டப்படுவது பலகையின் வெட்டுமுனை. அங்கே மரத்தின் நுண்குழாய்கள் வாய்திறந்து நின்று பசையை உறிஞ்சிவிடுகின்றன. விரல் மூட்டின் உரசுமுகங்களில் நார் பக்கவாட்டில் படுத்திருக்கிறது. அங்கேதான் பசை முழுப்பலத்துடன் பிடிக்கும்.

இதற்கு இயந்திரம் தேவையில்லை. பலகையை அளந்து விரல்களை வகுக்காமல், விரலின் அகலத்தை முடிவுசெய்துவிட்டுப் பலகையை அதற்கேற்ப இழையுங்கள். கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்திமுனையால் கீறுங்கள்; உளி தானாக அந்தக் கீறலில் உட்காரும். ரம்பம் எப்போதும் கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கத்தில் ஓட வேண்டும். கழிவைப் பாதிவரை ஒரு பக்கமும் மீதியை மறுபக்கமுமாகக் கொத்தி எடுத்தால் விளிம்பு பிய்யாது. முதல் பலகையின் விரல்களையே இரண்டாவதன் மேல் வைத்துக் குறித்துக்கொள்வது அளவுகோலை நம்புவதைவிட மேல். நான்கு பலகைகளிலும் நார் பெட்டியைச் சுற்றி ஒரே போக்கில் ஓடட்டும். மழைக்காலத்தில் மரம் நாருக்குக் குறுக்கே உப்பும். நான்கும் சேர்ந்து ஆழத்தில் மட்டும் உப்பினால் மூட்டு விரியாது. முன்பலகையைச் சுற்றி மட்டும் ஒரு மில்லிமீட்டர் இடம் விட்டுவையுங்கள். விளிம்புகளை இழைப்புளியால் உருட்டி மேலே ரெக்சின் ஒட்டினால், சிறு பிசிறுகள் எதுவும் வெளியே தெரியாது.

அடுத்தது ரீங்காரம். அதற்குக் காரணமான மின்புலத்தை மரம் தடுக்காது. சேஸிஸின் திறந்த பக்கம் எந்தப் பலகையைப் பார்க்கிறதோ அதில் அலுமினியத் தகடு ஒட்டி, அது சேஸிஸோடு தொட்டுக்கொள்ளும்படி செய்ய வேண்டும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் இந்தத் தகட்டுக்கு அடங்காது. அதற்கு மருந்து, பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் தூரமாக, ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் வைப்பது. இரண்டையும் ஒரே ஓரத்தில் குவிக்காவிட்டால் பெட்டியைக் கைப்பிடியில் தூக்கும்போதும் சாயாது.

ஆபத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். 250 வோல்ட் நேர்மின்சாரம் ஆளைக் கொல்லும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோஓம் மின்தடையை நிரந்தரமாகப் பற்றவைத்தால், ஒரு நிமிடத்துக்குள் அது ஏறக்குறைய வடிந்துவிடும். அப்படி இருந்தாலும் மல்டிமீட்டரால் அளந்து பார்க்காமல் உள்ளே கைவைக்கக் கூடாது. மூன்று பின் பிளக்கின் எர்த் கம்பி சேஸிஸில் தனித் திருகாணியால் இறுக்கப்பட வேண்டும். ஃபியூஸ் கட்டாயம். மின்சாரத்தில் முன்பழக்கம் இல்லாதவர் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பகுதியைத் தொட வேண்டும்.

முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணையுங்கள். பல்பு ஒருகணம் ஒளிர்ந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட். ஸ்பீக்கரை இணைக்காமல் ஒருபோதும் இயக்காதீர்கள். சிக்னல் பாயும்போது சுமை இல்லையென்றால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி அதன் காப்பு உடையும். எல்லாம் சரியென்றால் பல்பை நீக்கி, ஈஎல்84-ன் கேதோடில் உள்ள 135 ஓம் மின்தடையின் இரு முனைகளுக்கிடையே வோல்ட்டை அளந்து பாருங்கள். 7 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டினால், ஆனோடுக்கும் ஸ்கிரீனுக்கும் சேர்த்துச் சுமார் 53 மில்லிஆம்பியர் பாய்கிறது, வால்வு அதன் எல்லைக்குள் இருக்கிறது. 10 வோல்ட் காட்டினால் உடனே அணைத்துவிட்டு மின்தடையின் மதிப்பையும் கிரிட்டுக்கு முன்னால் உள்ள கெபாசிட்டரின் கசிவையும் பாருங்கள். அரைமணி நேரம் அளவு மாறாமல் நின்ற பிறகு, அணைத்து, கெபாசிட்டர்கள் வடிந்ததை அளந்து உறுதிசெய்துகொண்டு, சேஸிஸைப் பெட்டிக்குள் ஏற்றித் திருகாணிகளை முடுக்கலாம்.