இல்லறமும் இணை ஆடலும்

கானல்வரியை வகுப்பில் நடத்தும் தமிழாசிரியர்கள் ஓர் உண்மையைக் கவனித்திருப்பார்கள். கோவலனும் மாதவியும் பிரிந்தது வறுமையால் அன்று. இருவரும் சேர்ந்து செய்த கலையால். புகார்க் கடற்கரையில் கோவலன் யாழெடுத்துப் பாடினான். அவன் மனம் வேறொருத்தியிடம் சென்றதென மாதவி எண்ணினாள். அவளும் யாழை வாங்கி, வேறொருவனை நினைப்பவள் போலப் பாடினாள். பாட்டில் வருபவர் வேறு, பாடுபவர் வேறு என்பதை இருவருமே மறந்தனர். கோவலன் எழுந்து போனான்.

அப்படியானால், வாழ்க்கைத் துணைவர் இருவர் சேர்ந்து கலை வளர்ப்பது இல்லறத்துக்கு ஆகாதா? ஆகும் என்பதற்கு நம் காலத்திலேயே சான்று உண்டு. அதில் பாதி நம் மலேசிய மண்ணில் பிறந்தது என்பது நமக்குப் பெருமை.

சாந்தா 1943இல் மலாயாவில் பிறந்தவர், பூர்விகம் கேரளம். ருக்மிணி தேவி 1936இல் சென்னையில் தோற்றுவித்த கலாக்ஷேத்ராவில், 1952இல் எட்டு வயதுச் சிறுமியாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு பையனூரிலிருந்து தனஞ்சயன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவர் அங்கு வந்து பரதமும் கதகளியும் பயின்றார். இருவரும் 1966இல் மணந்துகொண்டனர். 1968இல் அடையாற்றில் ‘பரத கலாஞ்சலி’ என்னும் பள்ளியைத் தொடங்கினர். 2009இல் இந்திய அரசு பத்ம பூஷண் விருதை இருவருக்கும் சேர்த்தே வழங்கியது. ‘தனஞ்சயன் தம்பதியர்’ என்றே கலையுலகம் அவர்களை அறியும்.

இதில் உள்ள அருமையை உணரப் பரதத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். பரதக் கச்சேரி பெரும்பாலும் ஒருவரே ஆடுவது. தலைவி, தோழி, தலைவன் எல்லாரையும் அந்த ஒருவரே தம் முகத்திலும் கையிலும் காட்டுவார். இருவர் ஆடும்போது கணக்கு மாறுகிறது. அரைமண்டியில் இருவரும் ஒரே அளவு தாழ வேண்டும். தீர்மானத்தில் நான்கு பாதங்கள் ஒரே ஒலியாக விழ வேண்டும். அபிநயத்திலோ ஒன்றாயிருத்தல் கூடாது. ஒருவர் பேச, மற்றவர் கேட்க வேண்டும். கேட்பதும் ஆடலே. தலைவி சினந்து முகம் திருப்பினால் அது தலைவியின் சினம். மனைவியின் சினம் அன்று. கடற்கரையில் கோவலன் மறந்தது இதைத்தான்.

மேடைக்கு வெளியே இன்னும் கடினமான பகுதி உண்டு. அதுதான் திருத்துவது. ‘தாளம் தப்பிற்று’ என்று மனைவி சொல்லும்போது, அது கலைஞர் கலைஞருக்குச் சொன்ன சொல் என்று கணவன் கொள்ள வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற பாடமும் இதுவே: பிழையைச் சுட்டு, பிள்ளையைச் சுடாதே.

நம் நாட்டிலும் இத்தகைய இணையர் இருந்தனர். வி.கே. சிவதாஸ்–வத்சலா, கோபால் ஷெட்டி–ராதா ஆகியோர் இங்கு நடனம் கற்பித்து ஒரு தலைமுறையையே உருவாக்கினர்.

மலாக்காத் தோட்டங்களில் நிலை என்ன? ஆண்டு விழாவில் அழகாக ஆடிய பெண்பிள்ளைகள் பலர், மணமானதும் சலங்கையைப் பெட்டியில் வைத்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். ‘வீட்டுக்காரருக்குப் பிடிக்காது’ என்பார்கள். அந்த வீட்டுக்காரரும் நம் பள்ளியில் படித்த பையனாகவே இருப்பார். அவருக்கு நாம் ஆடலைக் கைதட்டிப் பார்க்க மட்டுமே கற்றுக் கொடுத்தோம்.

நானும் குற்றமற்றவன் அல்லேன். ஓர் ஆண்டு பள்ளி விழாவுக்கு நான் நாடகம் எழுதினேன். என் மனைவி பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கினார். இரவெல்லாம் உடை தைத்தார். ஒத்திகையில் இரண்டு காட்சிகள் நீளம் என்றும் சொன்னார். குறைத்தேன், நாடகம் சிறந்தது. அழைப்பிதழில் ‘ஆக்கம்’ என்று என் பெயர் மட்டுமே இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அழைப்பிதழை மடித்து அலமாரியில் வைத்தார். அந்த மடிப்பு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

சேர்ந்து செய்யும் கலைக்கு அன்பு மட்டும் போதாது. சரிபாதி உழைப்பும், அவ்வுழைப்புக்குச் சரிபாதிப் பெயரும் வேண்டும். ஆசிரியப் பெருமக்களே, அடுத்த விழாவில் ஆடலுக்குப் பெண்பிள்ளைகளோடு ஆண்பிள்ளைகளையும் நிறுத்துங்கள். நாளை அவர்கள் வீட்டில் சலங்கை பெட்டிக்குள் போகாது.