நாய், பூனைக்குக் கருத்தடை: செலவா, சேமிப்பா?

வானூர் பக்கம் பெண் நாய் வளர்க்கறீங்களா? குடும்ப பட்ஜெட்ல அதுக்கும் ஒரு வரி எழுதுங்க. பெரும்பாலும் வருஷத்துக்கு ரெண்டு தடவை பருவத்துக்கு வரும்; சினை பிடிச்சா சுமார் 63 நாள்ல குட்டி. ஆறு குட்டின்னா ஆறுக்கும் பூச்சி மருந்து, தடுப்பூசி, சாப்பாடு. பூனை இன்னும் வேகம், 4-5 மாசத்துலயே சினையாகலாம். கருத்தடை ஆபரேஷன் ஒரே தடவை செலவு.

"பணம் இருக்கும்போது பாத்துக்கலாம்"னு தள்ளிப்போடறதுதான் ஆபத்து. கருத்தடை பண்ணாத நாய்க்கு வயசானா கர்ப்பப்பையில சீழ் பிடிக்கலாம். அப்போ அதே கர்ப்பப்பையை ராத்திரியோட ராத்திரியா, உயிருக்குப் போராடற நிலைமையில எடுக்கணும். பில்லும் எகிறும்.

இப்போ நம்ம சப்ஜெக்ட். கால்நடை மருத்துவமனை சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பில்லுல போட்டிருந்தா கேளுங்க. வெளிய மருந்துக்கடையில வாங்கற மருந்துக்கு இது பொருந்தாது. 80டி-ல இந்தச் செலவைக் காட்ட முடியாது (டாமியும் குடும்ப உறுப்பினர்தான், ஆனா சட்டம் ஒத்துக்காது!).

2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள்படி, வளர்ப்புப் பிராணியின் கருத்தடை உரிமையாளர் பொறுப்பு. பக்கத்துல புதுச்சேரி குரும்பாபேட்ல ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. கட்டணத்தையும், ஆபரேஷனுக்கு முன்னாடி எத்தனை மணி நேரம் பட்டினி போடணும்னும் கேட்டுட்டுக் கிளம்புங்க.