புகை மணக்கும் விஸ்கி: ஐலா தீவின் கரிமண் சொல்லும் கதை

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஐலா என்றொரு தீவு இருக்கிறது. ஏறத்தாழ 3,000 பேரே வாழும் இத்தீவில்தான் லஃப்ரோய்க், லகவூலின், ஆர்ட்பெக், போமோர் ஆகிய உலகறிந்த விஸ்கி வடிசாலைகள் உள்ளன. இவற்றின் விஸ்கியை முதன்முறை முகர்பவர்களில் பலர் முகம் சுழிப்பார்கள். அணைந்த அடுப்பு, தார், கடற்பாசி, ஆஸ்பத்திரியில் காயத்துக்குப் போடும் மருந்து என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

அந்த மணம் நிலத்திலிருந்து வருகிறது. நீர் தேங்கிய சதுப்பில் பாசியும் புல்லும் முழுதாக உக்காமல் படிந்து 'பீட்' எனப்படும் கரிமண்ணாகின்றன. இது ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். மரங்கள் குறைந்த அத்தீவில் இம்மண்ணை வெட்டிக் காயவைத்தே மக்கள் அடுப்பெரித்தார்கள்.

விஸ்கிக்கான பார்லியை நனைத்து முளைக்கவிடுவார்கள். முளை வளர்ந்து மாச்சத்தைத் தின்றுவிடாதபடி அதைச் சூட்டில் உலர்த்த வேண்டும். கரிமண் எரித்து உலர்த்தும்போது புகையிலுள்ள ஃபீனோல் சேர்மங்கள் தானியத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றுள் குவாயக்கோல் புகை மணத்தையும், கிரெசோல் மருந்து மணத்தையும் தருகின்றன. 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதைகள் நிலக்கரியைக் கொண்டுவந்தபின் பெருநிலத்து வடிசாலைகள் பல கரிமண்ணைக் குறைத்துக்கொண்டன. தீவில் அது நிலைத்தது. இன்று விலை கொடுத்து வாங்கப்படும் சுவை, அன்று வேறு விறகில்லாத மக்களின் தேவையில் பிறந்தது.

'சிங்கிள் மோல்ட்' என்றால் ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்தது என்று பொருள். ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் இருந்தால்தான் சட்டப்படி அது ஸ்கொட்ச். போத்தலில் மதுசாரம் 40 வீதத்துக்குக் குறையக்கூடாது.

இதைச் சுவைப்பதற்கு அவசரம் ஆகாது. வாய் குறுகிய சிறு கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, மூக்கை உள்ளே நுழைக்காமல் சற்றுத் தள்ளி வைத்து, வாயை இலேசாகத் திறந்தபடி முகர வேண்டும். முதல் துளி நாக்கைப் பழக்குவதற்கு மட்டுமே. பிறகு சில துளி தண்ணீர் சேர்க்கலாம். தண்ணீர் சேரும்போது குவாயக்கோல் திரவத்தின் மேற்பரப்புக்கு வருவதால் மணம் கூடலாம் என்று சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். புகை அடங்கியபின் உப்பு, எலுமிச்சை, பீப்பாய் தந்த வனிலா, தானியத்தின் இனிப்பு என்பன ஒவ்வொன்றாகத் தெரியும். வடிசாலை வல்லுநர்கள் பெரும்பாலும் மூக்கினால்தான் வேலை செய்கிறார்கள். சுவைத்தறிவது வேறு, குடித்துத் தீர்ப்பது வேறு.

ஒரே மணம் ஏன் ஒருவருக்கு இனிக்கிறது, இன்னொருவருக்குக் கசக்கிறது? மற்றப் புலன்களைப் போலன்றி, மணத்தின் சமிக்ஞை மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிகளுக்கு நேராகவே போய்ச் சேர்கிறது. ஒருவருக்குப் புகை அம்மம்மாவின் அடுப்படி. எரிந்த வீட்டைப் பார்த்தவருக்கும் மருந்து மணத்தினிடையே காயப்பட்டவர்களோடு இருந்தவருக்கும் அது வேறொன்று. அவர்கள் இந்தக் கிளாஸைத் தள்ளி வைத்தால் அதை ரசனைக் குறைவு என்று சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை.

ஐலாவுக்கும் ஓர் இழப்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே இன்றைய தொகையைவிடப் பல மடங்கு மக்கள் வாழ்ந்தார்கள். உருளைக்கிழங்கு நோயும், குத்தகைச் சுமையும், நிலத்திலிருந்து அகற்றப்பட்டதும் அவர்களைக் கனடாவுக்கும் வேறு தேசங்களுக்கும் அனுப்பின. அவர்கள் வெட்டி எரித்த கரிமண், பெருமளவு காபனைப் பூட்டி வைத்திருக்கும் நிலம் என்பதால் இன்று அதன் பாதுகாப்பும் பேசப்படுகிறது. ஒரு மீற்றர் ஆழத்துக்கு வெட்டினால், அது மீண்டும் நிரம்ப ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் செல்லும்.