தன்னந்தனியாக இரண்டு முறை உலகைச் சுற்றிய தாய்

பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியாகி விட்டது. அவர்கள் சொந்தக் காலில் நிற்கிறார்கள். இனி தாய்க்கு என்ன வேலை?

"பேசாமல் வீட்டில் ஒரு மூலையில் உட்கார வேண்டியதுதான்" என்று ஊரார் சொல்லுவார்கள். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத ஒரு தாயின் கதை இது.

அவர் பெயர் ஐடா பைபர். ஆஸ்திரியா நாட்டுத் தலைநகரான வியன்னாவில் 1797-ம் ஆண்டு பிறந்தவர். 44-வது வயதில் துணையில்லாமல் வெளிநாடு புறப்பட்டார். கையில் பணம் அதிகம் இல்லை. ஆனாலும், சாவதற்குள் உலகை இரண்டு முறை சுற்றி வந்துவிட்டார்!

வறுமையில் வாடினார்

ஐடாவின் தந்தை ஜவுளி ஆலை முதலாளி. சகோதரர்களோடு சகோதரனாக மகளை வளர்த்தார். ஐடா பையன்களைப் போலவே உடை அணிந்தார். அவர்களைப் போலவே ஓடி ஆடினார்.

தந்தை இறந்ததும் எல்லாம் மாறியது. "பெண் பெண்ணாக இருக்க வேண்டும்" என்றார் தாயார். பியானோ வாசிக்கப் பழகும்படி கட்டாயப்படுத்தினார். அதிலிருந்து தப்புவதற்காக ஐடா தம் விரல்களையே காயப்படுத்திக் கொண்டது உண்டு.

1820-ம் ஆண்டு ஐடாவுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை ஒரு வக்கீல், மனைவியை இழந்தவர், ஐடாவைவிட 24 வயது மூத்தவர். நேர்மையான மனிதர். லஞ்சம் வாங்கிய உத்தியோகஸ்தர்களின் குட்டை அம்பலப்படுத்தினார். அதன் பலன்? அவருடைய தொழிலே படுத்துவிட்டது!

குடும்பத்தை வறுமை பிடித்தது. குழந்தைகளுக்கு வறட்டு ரொட்டி தவிர வேறு ஒன்றும் கொடுக்க முடியாத நாட்களும் உண்டு. வெளியே தெரியாமல் ஐடா சங்கீதமும் சித்திரமும் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார். எந்தப் பியானோவை வெறுத்தாரோ, அந்தப் பியானோதான் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட்டது.

உயில் எழுதிவிட்டுப் புறப்பட்டார்

பிள்ளைகள் தலை எடுத்தார்கள். கணவர் முதல் தாரத்து மகனோடு வேறு ஊரில் இருந்தார். சிறு வயது முதல் நெஞ்சில் கிடந்த ஆசை இப்பொழுது எழுந்தது. ஊர் ஊராகப் பார்க்க வேண்டும்!

உண்மையைச் சொன்னால் உற்றார் விடமாட்டார்கள். "கான்ஸ்டாண்டிநோபிளில் உள்ள சிநேகிதியைப் பார்த்து வருகிறேன்" என்று சொன்னார். உயில் எழுதி வைத்தார். 1842 மார்ச் மாதம் டான்யூப் நதியில் நீராவிக் கப்பல் ஏறினார். ஜெருசலேம், எகிப்து எல்லாம் பார்த்துவிட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் வீடு திரும்பினார்.

கண்டதையெல்லாம் தினமும் குறிப்பு எழுதி வைத்திருந்தார். அது புத்தகமாக வந்தது. நன்றாக விற்றது. அந்தப் பணத்தில் 1845-ல் ஐஸ்லாந்து போனார்!

செலவுக்கு வழி என்ன?

ஐடாவின் பிரயாண முறை இதுதான். ஒரு பிரயாணம் ஒரு புத்தகத்தைத் தரும். அந்தப் புத்தகம் அடுத்த பிரயாணத்துக்குப் பணம் தரும்.

இன்னொரு வருமானமும் உண்டு. போகும் இடமெல்லாம் பூச்சி, செடி, சிப்பி என்று சேகரிப்பார். பொருட்காட்சிசாலைகள் அவற்றை விலை கொடுத்து வாங்கின.

வரவைவிடச் செலவில்தான் அவர் கெட்டிக்காரர். பம்பாயிலிருந்து பாஸ்ராவுக்குச் சின்னக் கப்பலில் மேல்தட்டுப் பயணியாகச் சென்றார். கூட்டம் தாங்கவில்லை. படுக்க இடம் எங்கே? தட்டில் கப்பல் தலைவருடைய சாப்பாட்டு மேஜை இருந்தது. அதன் அடியில் படுத்துக்கொண்டார்! அங்கே படுத்தால் யாரும் மிதிக்கமாட்டார்கள் அல்லவா?

சென்னை வழியாக

முதல் உலகப் பிரயாணம் 1846-ல் தொடங்கியது. பிரேசில் நாட்டுக் காட்டுப் பாதையில் ஒருவன் கத்தியோடு பாய்ந்தான். ஐடாவிடம் ஒரு குடையும் சிறு பேனாக்கத்தியும்தான் இருந்தன. கையில் காயம்பட்டது, ஆனாலும் விடாமல் போராடினார். அதற்குள் மற்ற பிரயாணிகள் வந்து சேர்ந்ததால் தப்பினார்.

பிறகு சிலி, தாகிதி, சீனா, சிங்கப்பூர் என்று சுற்றி, 1847 அக்டோபரில் இலங்கை வந்தார். கண்டி நகரைப் பார்த்தார். அங்கிருந்து சென்னை வழியாகக் கல்கத்தா சேர்ந்தார். காசி, ஆக்ரா, டில்லி எல்லாம் பார்த்தார். அப்பொழுது அங்கே ரயில் ஏது? மாட்டு வண்டியிலும் ஒட்டக வண்டியிலும் பல வாரம் ஆடி அசைந்து பம்பாய் போனார். வழியில் அஜந்தா, எல்லோரா குகைகளையும் விடவில்லை.

பாக்தாத்திலிருந்து மோசூலுக்குப் பாலைவன வழி. வியாபாரக் கூட்டத்தோடு கோவேறு கழுதைமேல் சென்றார். அதற்கு அப்பால் கொள்ளைக்காரர் பயம். எனவே, எழுதிய குறிப்புகளை மோசூலிலிருந்தே பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டார். தாம் செத்தாலும் எழுத்து பிழைக்கட்டும் என்ற எண்ணம்!

சாகவில்லை. 1848 நவம்பரில் வியன்னா திரும்பினார்.

"நான் கிழவி, கறி வேகாது!"

இரண்டாவது உலகப் பிரயாணம் 1851 முதல் 1855 வரை நடந்தது. அதற்குள் அவர் பெயர் பரவிவிட்டது. பல கப்பல்காரர்கள் கட்டணம் வாங்காமலே ஏற்றிக்கொண்டார்கள்.

1852-ல் சுமத்ரா தீவில் படாக் மக்களின் மலைநாட்டுக்குள் நுழைந்தார். நர மாமிசம் உண்பவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். 1834-ல் இரண்டு அமெரிக்கப் பாதிரிகள் அங்கே கொல்லப்பட்டிருந்தார்கள்.

ஆயுதம் ஏந்திய கூட்டம் ஐடாவைச் சூழ்ந்துகொண்டது. கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டியது. ஐடா நடுங்கவில்லை. முன்கூட்டியே பாடம் செய்து வைத்திருந்த வார்த்தைகளை அரைகுறையாகச் சொன்னார்: "நான் கிழவி. என் கறி முற்றிப்போனது. சாப்பிட முடியாது!"

கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டது. வழியும் விட்டது. இன்னும் சிறிது தூரம் சென்றபின், மேலே போக விடாததால் திரும்பினார்.

எந்த வயதைக் காட்டி "வீட்டில் இரு" என்று சொன்னார்களோ, அந்த வயதே அவர் உயிரைக் காப்பாற்றியது!

கடைசிப் பிரயாணம்

பெர்லின் பூகோளச் சங்கம் ஐடாவைக் கௌரவ அங்கத்தினராக்கியது. பிரஷ்ய மன்னர் தங்கப் பதக்கம் அளித்தார். லண்டன் ராயல் பூகோளச் சங்கத்தில் அப்பொழுது பெண்களுக்கு இடம் இல்லை. அந்தக் கதவு நிலையாகத் திறந்தது 1913-ம் ஆண்டில்தான்.

1857-ல் மடகாஸ்கர் தீவுக்குப் போனார். அங்கே ராணி ரனவலோனாவுக்கு எதிராகச் சில ஐரோப்பியர் சதி செய்தார்கள். அது வெளிப்பட்டது. எல்லா ஐரோப்பியரையும் ராணி நாடு கடத்தினாள். அவர்களோடு ஐடாவும் அகப்பட்டுக்கொண்டார். சில நாட்களில் கடக்கக்கூடிய வழியில், விஷக் காய்ச்சல் பரவிய சதுப்பு நிலத்தில், 53 நாட்கள் இழுத்தடித்தார்கள். ஐடாவைக் காய்ச்சல் பற்றியது; பிறகு விடவே இல்லை. 1858 அக்டோபரில், 61-வது வயதில், வியன்னாவில் காலமானார்.

அவர் கடலில் போன தூரம் சுமார் 2,40,000 கிலோமீட்டர். தரையில் சுமார் 32,000 கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இன்று ஆகாய விமானம் இருக்கிறது. ஐடா பல மாதம் சென்ற தூரத்தை ஒரே நாளில் தாண்டிவிடலாம். ஆனால், "இந்த வயதில் தனியாகவா?" என்ற கேள்வி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. ஐடாவின் பதில் சுருக்கமானது: முதலில் கடமையை முடி, அடுத்தது செலவைக் குறை, பிறகு புறப்படு!

1892-ல் வியன்னா மத்திய மயானத்தில், பெருமக்களுக்கு உரிய இடத்தில், அவருடைய உடலை மறுபடி அடக்கம் செய்தார்கள். ஓயாமல் நடந்த அந்தத் தாய் அங்கே ஓய்வு எடுக்கிறார்.