குறட்டை நல்ல நித்திரையின் அடையாளமா?

கும்பகர்ணனை எழுப்பச் சென்ற அரக்கர்கள் அவனது மூச்சுக்காற்றின் வேகத்துக்கு முன் நிற்கவே பாடுபட்டார்கள் என்று இராமாயணக் கதையில் கேட்டிருக்கிறோம். அதனாலோ என்னவோ, உரத்துக் குறட்டை விடுபவரைக் கண்டு "என்ன நிம்மதியான நித்திரை!" என்று வியப்பது நம்மவர் வழக்கமாயிற்று. உண்மையில் அவர்களுள் பலர் இரவு முழுவதும் மூச்சுக்காகப் போராடுகிறார்கள்.

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதி பின்சரிய, காற்றுச் செல்லும் வழி ஒடுங்குகிறது. ஒடுங்கிய வழியில் மென்மையான இழையங்கள் அதிர்வதே குறட்டை. வழி முற்றாக அடைபட்டால் சத்தம் நின்றுவிடும். பக்கத்தில் படுத்திருப்பவர் "அப்பாடா" என்று ஆறுதலடையும் அந்த அமைதிதான் ஆபத்தானது. நெஞ்சு ஏறி இறங்கும்; காற்று உட்செல்லாது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைய, மூளை ஆளை அரைவிழிப்புக்குக் கொண்டுவரும். பெருஞ்சத்தத்துடன் மூச்சு மீளும். குறைந்தது 10 விநாடி நீடிக்கும் இத்தகைய முழுத்தடைகளும் பகுதித்தடைகளும் மணிக்கு 30ஐ எட்டினால் நோய் கடுமையானது எனக் கணிப்பர். காலையில் அவருக்கு எதுவும் நினைவிராது.

டென்மார்க்கில் இதற்குச் சாட்டுச் சொல்ல வசதியான காரணங்கள் பல உண்டு. மாரிகாலத்தில் பிற்பகல் நாலு மணிக்கு முன்பே இருட்டு. தொழிற்சாலையில் இரவு வேலை. விடியுமுன் துப்புரவு வேலை. களைப்பு வராமல் என்ன செய்யும் என்பார்கள். ஆனால் காலைத் தலையிடி, வரண்ட வாய், இரவில் அடிக்கடி சலம் கழிக்க எழுதல், கோவிலில் பிரசங்கம் தொடங்கியதும் தூங்கி வழிதல் (இதற்குப் பிரசங்கியாரும் காரணமாயிருக்கலாம்), மருந்துக்கும் இறங்காத இரத்த அழுத்தம் ஆகியன குறட்டையுடன் சேர்ந்தால் வைத்தியரிடம் போகவேண்டும். பருத்தவர்க்கே இது வரும் என்பதும் பிழை. தாடை சிறிதாக இருந்தால் மெலிந்தவரையும் பீடிக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், தொண்டைச் சதை வளர்ந்த பிள்ளைகளுக்கும் உண்டு.

வீதியில்தான் இந்நோய் மற்றவர் உயிரையும் தொடுகிறது. ஜெர்மனியின் ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கு ஹேர்னிங்கிலிருந்து ஏறக்குறைய 600 கி.மீ. இரவு வேலை முடித்து, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு நேரே புறப்படுபவர் ஒரு கணம் கண் அயர்ந்தால் போதும். நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடையுடன் பகல் தூக்கமும் உள்ளவர், சிகிச்சையால் அது கட்டுப்படும்வரை வாகனம் ஓட்டக்கூடாது என்பது 2014ல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி. அனுமதிப்பத்திரம் போய்விடுமோ என அஞ்சி நோயை மறைப்பவர்கள் உண்டு. சிகிச்சை பெற்றால் மீண்டும் ஓட்டலாம் என்பதை அவர்கள் அறிவதில்லை.

குடும்ப வைத்தியரிடம் "சொவ்ன் அப்னோ" என்ற டெனிஷ் சொல்லைச் சொன்னாலே விளங்கிக்கொள்வார். காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் கடிதமின்றி, மஞ்சள் சுகாதார அட்டையுடன் நேரே போகலாம். மனைவியும் கூடப் போவது மிக அவசியம். நோயாளி நித்திரையில் இருந்தவர், கண்டவர் அவரே. கைத்தொலைபேசியில் குறட்டையைப் பதிவுசெய்து கொண்டுபோவதும் நல்லது. சிறு கருவியொன்றை வீட்டுக்குத் தருவார்கள். மூக்கில் குழாய், நெஞ்சில் பட்டி, விரலில் ஒட்சிசன் அளக்கும் கவ்வி: ஒரு இரவு போதும்.

முன்னாளில் கடும் நோயாளிக்குக் கழுத்தில் துளையிடுவதே வழியாக இருந்தது. 1981ல் சிட்னி வைத்தியர் கொலின் சலிவன், மூக்குவழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கலாம் என்று ஐந்து நோயாளிகளில் காட்டினார். அதுவே இன்றைய 'சீபாப்' இயந்திரம். டென்மார்க்கில் தேவைப்படுவோர்க்கு அது இலவசமாக இரவல் கிடைக்கிறது. ஆயினும் முகமூடியைக் கண்டு வெட்கப்பட்டு அலுமாரியில் பூட்டி வைப்போர் பலர். பிள்ளைகள் சிரிப்பார்கள், விருந்தினர் கேட்பார்கள் என்ற கூச்சம். முதல் வாரங்கள் சிரமந்தான். மூக்கு வரண்டால் ஈரமூட்டியும், காற்றுக் கசிந்தால் வேறு அளவு முகமூடியும் கேட்டு வாங்கலாம். இலேசான நோய்க்குக் கீழ்த்தாடையை முன்தள்ளும் பற்கவசம் உதவும். மல்லாந்து படுக்காமல் சரிந்து படுத்தல், எடை குறைத்தல், படுக்குமுன் மதுவையும் நித்திரைக் குளிசையையும் தவிர்த்தல் எல்லோர்க்கும் பொருந்தும்.

சத்திரசிகிச்சைக்குப் போகும்போது மயக்க மருந்து வைத்தியரிடம் இந்நோயைச் சொல்ல மறக்கக்கூடாது. ஊருக்குப் போகும்போதும் இயந்திரம் கைப்பொதியில் கூடவே போகவேண்டும். இலங்கையிலும் மின்சாரம் 230 வோல்ட்தான், செருகிதான் வேறு.