பாங்காக்கில் அழகு அறுவை சிகிச்சை: அதன்பின் எங்கே தங்குவது?

தாய்லாந்துத் தலைநகர் பாங்காக்கில் மூக்கு, மார்பகம், வயிறு போன்றவற்றுக்கு அழகு அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் வெளிநாட்டவர் மருத்துவமனையில் இருப்பது பெரும்பாலும் சில இரவுகள்தான். கண்ணிமை போன்ற சிறு சிகிச்சைக்கு அதுவும் இல்லை, அன்றே அனுப்பிவிடுவார்கள். தையல் பிரித்து, வடிகுழாய் எடுத்து, விமானம் ஏற மருத்துவர் சம்மதிக்கும்வரை உள்ள நாட்கள் ஹோட்டலிலோ வாடகை அறையிலோ கழிகின்றன. ரத்தக்கசிவு, ரத்த உறைவு, கிருமித் தொற்று ஆகிய ஆபத்துகள் தலைகாட்டுவதும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

அப்படியிருந்தும், மருத்துவரைத் தேட மாதக்கணக்கில் மெனக்கெடுபவர்கள் அறையை மட்டும் கடைசி வாரத்தில், வாடகை ஒன்றையே பார்த்துப் பிடிக்கிறார்கள். ஏஜென்ட் தரும் பேக்கேஜில் ஐந்து இரவு தங்குமிடம் என்று இருந்தால், ஐந்து நாளில் உடம்பு தேறிவிடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது விற்பவர் போட்ட கணக்கு. மருத்துவரின் கணக்கு வேறாக இருக்கும்.

எத்தனை நாள்?

அறையைத் தேடும் முன் நாட்களை முடிவு செய்ய வேண்டும். மார்பு, வயிற்றுப் பகுதி அறுவைக்குப் பின் 10 நாள் விமானப் பயணம் கூடாது என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சி.டி.சி.). முகம், கண்ணிமை, மூக்கு ஆகியவற்றுக்கு 7 முதல் 10 நாள் காத்திருக்கச் சொல்கிறது அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள் சங்கம். சென்னையிலிருந்து பாங்காக் மூன்றரை மணி நேரப் பயணம்தானே என்று பலர் இதை அலட்சியம் செய்கிறார்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குக் குறைகிறது. பயணம் குறுகியது என்பதால் அந்த அழுத்தம் கூடிவிடாது.

இந்த அபாயம் கற்பனை அல்ல. டொமினிக்கன் குடியரசில் 2009 முதல் 2022 வரை அழகு அறுவைக்குப் பின் 93 அமெரிக்கர்கள் இறந்ததாக சி.டி.சி. பதிவு செய்திருக்கிறது. விரிவாக ஆராயப்பட்ட இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், கொழுப்போ உறைந்த ரத்தமோ ரத்தக்குழாயில் போய் அடைத்துக்கொண்டது.

ஆகவே, மருத்துவர் சொல்லும் நாட்களோடு ஒரு வாரம் கூட்டியே அறை பிடிக்க வேண்டும். திரும்பும் டிக்கெட் தேதி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க மாற்ற முடியாத டிக்கெட் எடுத்தவர்கள்தான் காய்ச்சலோடும் வீக்கத்தோடும் விமானம் ஏறுகிறார்கள்.

அறை எப்படி இருக்க வேண்டும்?

தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதில் பயனில்லை. பாங்காக்கில் மாலை நேரத்தில் நான்கு கிலோமீட்டர் கடக்க ஒரு மணி நேரம் ஆகலாம். நெரிசல் வேளையிலும் அரை மணிக்குள் மருத்துவமனையை எட்டக்கூடிய இடமே ஏற்றது. சோய் எனப்படும் சந்துகளில் சில, ஆம்புலன்ஸ் நுழைய முடியாத அளவுக்குக் குறுகலானவை. கட்டட வாசல்வரை வண்டி வருமா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

லிஃப்ட் கட்டாயம் தேவை. வயிற்று அறுவைக்குப் பின் பல நாள் குனிந்த நிலையில்தான் நடக்க முடியும். படியேறுவது தையலை இழுக்கும். குளியல் தொட்டிக்குள் கால் தூக்கி வைப்பதும் அப்படித்தான். நின்று குளிக்கும் ஷவர், வழுக்காத தரை, மேற்கத்திய கழிப்பறை ஆகியவை இருக்க வேண்டும். முக அறுவை செய்தவர்கள் தலையை உயர்த்தியே தூங்க வேண்டும் என்பதால் கூடுதல் தலையணையோ சாய்வு நாற்காலியோ தேவைப்படும். மருந்துக்கும் ஐஸ் ஒத்தடத்துக்கும் ஃபிரிட்ஜ் வேண்டும். நீச்சல் குளத்தைப் பார்த்து அறை பிடிப்பது வீண். காயம் ஆறும்வரை அதில் இறங்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், இரவில் விழித்திருக்கும் ஆள். 24 மணி நேரமும் வரவேற்பறையில் ஆள் இருக்கும் இடமாக இருக்க வேண்டும். சாவிப் பெட்டியில் எண்ணை அழுத்தி உள்ளே போகும் அடுக்குமாடி அறையில், நள்ளிரவில் மூச்சுத் திணறினால் கதவைத் திறக்கவும் ஆள் இல்லை. முதல் மூன்று இரவாவது துணைக்கு ஒருவர் உடன் தங்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கம் அல்லது வலி, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, ஒரு பக்க மார்பகம் திடீரெனப் பெருத்தல், காய்ச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் எண் 1669. ஆங்கிலத்தில் உதவி கேட்கச் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155. தங்கும் இடத்தின் முகவரியைத் தாய்லாந்து மொழியில் எழுதி வாங்கித் தொலைபேசி அருகே ஒட்டிவைக்க வேண்டும்.

‘கிளினிக் மாடியிலேயே தங்கலாம்’

இப்படி ஏஜென்ட் சொன்னால் முதலில் உரிமத்தைப் பார்க்க வேண்டும். தாய்லாந்தின் 1998ஆம் ஆண்டு மருத்துவ நிலையச் சட்டம் உரிமங்களை இரண்டாகப் பிரிக்கிறது: நோயாளியை இரவில் தங்கவைக்கும் மருத்துவமனை ஒன்று, தங்கவைக்காத கிளினிக் மற்றொன்று. கிளினிக் உரிமம் மட்டும் வைத்திருப்பவர் மாடி அறையில் நோயாளியைப் படுக்கவைத்துப் பராமரித்தால் அது சட்டத்துக்குப் புறம்பானது. உரிம எண் நிலையத்தில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கிளினிக்குக்கு அது 11 இலக்கம். அதைச் சுகாதார சேவை ஆதரவுத் துறையிடம் 1426 என்ற எண்ணில் சரிபார்க்கலாம். மருத்துவரின் பெயரைத் தாய்லாந்து மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் தேடலாம். ஏஜென்ட்டின் வாக்குறுதியை நம்பிவிடாமல் இந்தச் சில நிமிட வேலையைச் செய்தே ஆக வேண்டும்.

டி.எம்.30: பலர் கேள்விப்படாத காகிதம்

வெளிநாட்டவர் ஒருவர் தங்க வந்தால், 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவுத் துறைக்கு அந்த இடத்தின் உரிமையாளரோ ஹோட்டல் மேலாளரோ அறிவிக்க வேண்டும். 1979ஆம் ஆண்டு குடிநுழைவுச் சட்டத்தின் 38ஆவது பிரிவு சொல்வது இது. இதற்கான படிவம் டி.எம்.30. உரிமம் பெற்ற ஹோட்டல்கள் இதை வழக்கமாகவே செய்துவிடும். சிக்கல், செயலி வழியாக நாள் வாடகைக்கு விடப்படும் அடுக்குமாடி அறைகளில் வருகிறது. ஹோட்டல் உரிமம் இல்லாமல் ஒரு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது 2004ஆம் ஆண்டு ஹோட்டல் சட்டப்படி குற்றம். பதிவு செய்த சிறு விடுதிகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. சட்டவிரோதமாக விடுபவர் தானே போய் அரசிடம் சொல்லுவாரா?

உடம்பு சரியாக இருந்தால் டி.எம்.30 பதிவு இல்லாதது வெளியே தெரியாது. காயம் பழுத்து, திரும்பும் நாள் தள்ளிப்போய், கடவுச்சீட்டில் குத்திய தேதி முடியப்போகும்போதுதான் தெரியும். தங்கும் காலத்தை நீட்டிக்கப் பாங்காக்கின் சேங் வத்தனா அரசு வளாகத்தில் உள்ள குடிநுழைவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். கொண்டுபோக வேண்டியவை:

– டி.எம்.7 விண்ணப்பப் படிவம், புகைப்படம்
– கடவுச்சீட்டு, அதன் நகல்கள்
– கட்டணம் 1,900 பாட்
– நோய் என்ன, ஏன் பயணம் செய்யக் கூடாது, எத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்ற மூன்றையும் குறிப்பிடும் மருத்துவமனைச் சான்றிதழ்
– டி.எம்.30 பதிவுச் சீட்டு

கடைசிச் சீட்டு இல்லையென்றால் கட்டுப் போட்ட உடம்போடு திரும்ப நேரிடலாம். வீட்டுக்காரர் செய்யாத வேலைக்கு நோயாளியை அலைக்கழிப்பது எந்த விதத்திலும் நியாயம் இல்லை. ஆனால் கவுன்டரில் நியாயம் பேசி நேரத்தை வீணாக்க முடியாது. தேதி கடந்தால் நாளுக்கு 500 பாட் வீதம் 20,000 பாட் வரை அபராதம். எனவே தங்கப்போன மறுநாளே டி.எம்.30 சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். தர மறுத்தால் அன்றே இடம் மாறிவிட வேண்டும். மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது: சீட்டு தராத இடத்தில் நோயாளி தங்கக் கூடாது.

தவறு நடந்தால்

சாதாரணப் பயணக் காப்பீடு, அழகு அறுவையால் வரும் சிக்கலுக்குப் பொதுவாகப் பணம் தராது. தூதரகமும் மருத்துவக் கட்டணத்தைக் கட்டாது. ஆகவே ஆதாரங்களை நோயாளியே சேர்த்துவைக்க வேண்டும்: ஆங்கிலத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, பொருத்திய சிலிக்கோனின் தயாரிப்பு எண், ரசீதுகள், தேதியோடு எடுத்த காயத்தின் படங்கள். மருத்துவமனையை விட்டு வெளியேறும் நாளிலேயே இவற்றைக் கேட்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகு கேட்டால் மின்னஞ்சலுக்குப் பதிலே வராமல் போகலாம்.

மருத்துவரின் மேல் புகாரை மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். விவரம் தெரிந்த ஓராண்டுக்குள், எப்படியும் சம்பவம் நடந்த மூன்றாண்டுக்குள் அனுப்பியாக வேண்டும். கிளினிக்கின் உரிமம் பற்றிய புகார் 1426க்கு. இழப்பீடு கோர 2008ஆம் ஆண்டு நுகர்வோர் வழக்கு நடைமுறைச் சட்டம் வழி செய்கிறது. வழக்குத் தொடுக்கும் நுகர்வோர், நீதிமன்றக் கட்டணம் கட்டத் தேவையில்லை.

ஊர் திரும்பியதும் அருகில் உள்ள மருத்துவரிடம் எல்லாக் காகிதங்களையும் காட்ட வேண்டும். மைக்கோபாக்டீரியா என்ற கிருமி வகையால் வரும் தொற்றுகள் வாரங்கள், மாதங்கள் கழித்தும் ஆறாத கட்டியாகக் கிளம்பும். வழக்கமான மருந்துக்கு அடங்காது. வெளிநாட்டில் அறுவை நடந்ததை வெட்கப்பட்டு மறைத்தால், மருத்துவர் அதற்கான பரிசோதனையை எழுதாமல் போய்விடக்கூடும்.